இருதய சத்திரசிகிச்சையில் அழற்சியும் பரம்பரையலகும்

ஒத்த வயதினர் இருவர், ஒரே நோய் காரணமாக, ஒரே வைத்தியசாலையிலே, ஒரே நிபுணரின் கையால் இருதய சத்திரசிகிச்சை பெறுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் ஒருவர் கட்டிலைவிட்டெழுந்து மெல்ல உலாவத் தொடங்குகின்றார். மற்றவரோ காய்ச்சலும் உடல்வீக்கமும் மூச்சுத்திணறலும் மேலிட்டவராய்த் தீவிர சிகிச்சைப் பிரிவிலே கிடக்கின்றார். உறவினருள் ஒருசாரார் இதனை விதி என்பர். இன்னொருசாரார் வைத்தியரின் கைராசி என்பர். வேறு சிலர் நோயாளிக்கு மனத்திடம் போதாது என்று அவர்மீதே குறைகூறவும் தயங்கார். சத்திரசிகிச்சை பிழையற நடந்தேறியிருப்பவும் விளைவு இருவகைப்படுவது ஏன்? இவ்வினாவுக்கு விடைகாணும் முயற்சி மருத்துவ உலகில் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. அவ்விடையின் ஒரு கூறு நோயாளியின் உடலிலுள்ள ஒவ்வொரு கலத்துள்ளும் அவர் பிறக்குமுன்னரே எழுதப்பட்டிருக்கலாம் என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் கருத்து. அக்கருத்து எத்துணை உறுதியுடையது, எவ்விடத்தில் அது தளர்கின்றது என்பனவற்றை ஈண்டு நோக்குவாம்.

அழற்சி என்பது யாது?

முள் தைத்த விரலை அறியாதார் இலர். அவ்விடம் சிவக்கும், வீங்கும், சுடும், நோகும். இந்நான்கு குறிகளையும் கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டிலே உரோமாபுரி அறிஞராகிய செல்சசு தமது மருத்துவ நூலில் ஒருங்கு சேர்த்துக் குறிப்பிட்டார். எனினும் அக்குறிகளின் பின்னே உடலுள் நிகழ்வது யாதென்பது பல நூற்றாண்டுகள் புலப்படாதிருந்தது. 1882 ஆம் ஆண்டிலே சிசிலித் தீவின் மெசீனா நகரில் தங்கியிருந்த உருசிய விஞ்ஞானி மெச்சினிக்கோவ், ஒளிபுகும் உடலையுடைய நட்சத்திரமீன் குடம்பிகளுள் நுண்ணிய முட்களைச் செலுத்திவிட்டு, மறுநாள் நுணுக்குக்காட்டியூடாக நோக்கினார். அசையுந் தன்மையுள்ள கலங்கள் பல முள்ளைச் சூழ்ந்து குழுமியிருக்கக் கண்டார். அழற்சி என்பது உடல் தன்னைக் காக்கும்பொருட்டு மேற்கொள்ளும் போர் என்னும் கொள்கை இங்ஙனம் வலுப்பெற்றது. 1908 இல் அவருக்கு நோபெற் பரிசு கிடைத்தது.

ஆகவே அழற்சி உடலின் பகைவனன்று, காவலனே. ஆயினும் காவலன் ஓரிடத்துக் கள்வனைப் பிடிக்கும்போது நன்மை செய்கின்றான். ஊர் முழுவதையும் கள்வரென்று எண்ணி வாளுருவுவானாயின் அவனாலேயே ஊர் அழியும். இருதய சத்திரசிகிச்சையின்போது எழும் அழற்சி இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது.

பொறியின் வருகை

இருதயத்தைத் திறந்து பழுதுபார்ப்பதற்கு அதனைச் சிறிதுநேரம் நிறுத்துதல் வேண்டும். ஆனால் இருதயம் நின்றால் மூளை சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. இவ்விடரை நீக்க எண்ணியவர் அமெரிக்கராகிய ஜோன் கிபன். 1930 களின் தொடக்கத்திலே, நுரையீரல் நாடி அடைபட்ட ஒரு பெண்மணி தம் கண்முன்னே சிறிது சிறிதாக மடிவதை இரவு முழுதும் அருகிருந்து பார்க்க நேர்ந்த அவர், குருதியை உடலுக்கு வெளியே எடுத்து ஒட்சிசனூட்டி மீளச் செலுத்தவல்ல பொறியொன்றிருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்கலாமே என்று எண்ணினார். அவ்வெண்ணம் பொறியாய் உருப்பெற இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தன. அவர்தம் மனைவியார் மேரி ஆய்வுகூடத்தில் உடனிருந்து உழைத்தார். 1953 மே 6 ஆம் நாள் பிலடெல்பியா நகரிலே, சோணையறைகளுக்கிடையே துவாரமுடைய பதினெட்டு வயது மங்கையொருத்தியின் இருதயத்தைக் கிபன் அப்பொறியின் துணைகொண்டு செப்பனிட்டார். இருபத்தாறு நிமிடங்கள் அவளது உயிர் முழுவதும் பொறியையே சார்ந்திருந்தது. அவள் பிழைத்தாள். ஆயினும் கிபன் அப்பொறியைக்கொண்டு சிகிச்சையளித்த ஏனையோர் இறந்தமையால் அவர் மனமுடைந்து அம்முயற்சியைக் கைவிட்டார். 1955 தொடக்கம் மினசோற்றா மாநிலத்து மேயோ மருத்துவ நிலையத்திலே ஜோன் கேர்க்லின் அப்பொறியைத் திருத்தியமைத்துப் பலருக்குப் பயன்படுத்தி அதனை நிலைநாட்டினார்.

பொறியின் தொழில் எளிதில் விளங்கத்தக்கது. வலது சோணையறையிலிருந்து அல்லது பெருநாளங்களிலிருந்து குழாய் வழியே வெளிவரும் கருங்குருதி ஒரு கொள்கலத்தில் சேர்கின்றது. அங்கிருந்து பம்பியினால் தள்ளப்பட்டு, காபனீரொட்சைட்டை இழந்து ஒட்சிசனைப் பெற்று, வேண்டிய வெப்பநிலைக்குக் கொணரப்பட்டுப் பெருநாடியுள் மீண்டும் செல்கின்றது. குருதி குழாயினுள் உறையாதிருத்தற்பொருட்டு எப்பாரின் என்னும் மருந்து முன்னரே ஏற்றப்படும். ஈற்றில் அதனை முறிக்கப் புரோற்றமைன் கொடுக்கப்படும். பெருநாடியைக் கவ்வியினால் இறுக்கிப் பொற்றாசியம் மிகுந்த கரைசலைச் செலுத்த இருதயம் அசைவற்று ஓய்கின்றது. நிபுணர் தம் பணியை அப்பொழுது ஆற்றுகின்றார்.

குருதி ஏன் கலவரமடைகின்றது?

குருதி தன் வாழ்நாளில் குழாய்களின் மெல்லிய உட்சுவரையன்றிப் பிறிதொன்றைத் தீண்டியறியாதது. பொறியிலோ அது பிளாத்திக்குக் குழாய்களின் பரந்த மேற்பரப்பைத் தீண்டுகின்றது. தீண்டியவுடன் குருதித் திரவத்திலுள்ள நிரப்பிப் புரதங்கள் என்னும் காவற் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி விழித்தெழுகின்றன. வெண்குழியங்கள் கிளர்ச்சியுற்று மயிர்க்குழாய்களின் சுவரில் ஒட்டி, நொதியங்களையும் தீங்கு பயக்கும் ஒட்சிசன் மூலிகங்களையும் வெளியிடுகின்றன. எப்பாரினும் புரோற்றமைனும் கூடும்போதும் நிரப்பிகள் மீளத் தூண்டப்படுகின்றன. கவ்வியை அகற்றியதும், அதுகாறும் குருதியின்றிக் கிடந்த இருதயத் தசைக்குக் குருதி திரும்பப் பாய்வதாலும் ஒருவகை ஊறு உண்டாகின்றது. குடலுக்குச் செல்லும் குருதி குறைதலால் அங்குள்ள பற்றீரியாக்களின் நச்சுப்பொருள் குருதியிற் கலத்தலும் உண்டு. இவ்வாறு பல வாயில்களால் எழும் தூண்டல்கள் ஒன்றுகூடி உடல் முழுவதும் அழற்சியைப் பரப்புகின்றன.

1983 இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திற் பணியாற்றிய கேர்க்லின் குழுவினர், பொறியைப் பயன்படுத்தியபின் குருதியிற் காணப்படும் நிரப்பித் துணுக்குகளின் அளவுக்கும் இருதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகிய உறுப்புக்களின் தளர்ச்சிக்கும் தொடர்புண்டு என்று காட்டினர்.

அழற்சிச் செய்தியை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்குக் கொண்டு செல்லும் தூதுவர் சிலர் உளர். சைற்றோக்கைன்கள் என்பன அவை. அவற்றுள் ஒன்று இன்ரர்லூக்கின்-6. இதன் பரம்பரையலகை 1986 இல் யப்பானின் ஒசாக்கா நகரிலே கிசிமோற்றோ, கிரானோ முதலிய அறிஞர் பிரித்தறிந்தனர். இருதய சத்திரசிகிச்சை முடிந்து சில மணிநேரத்துள் இதன் அளவு குருதியிற் பன்மடங்காக உயர்ந்து, பின்னர்ப் படிப்படியாகத் தணிகின்றது. தூண்டும் தூதுவர்க்கு எதிராக அடக்கும் தூதுவரும் உளர், இன்ரர்லூக்கின்-10 அத்தகையது. தூண்டலும் அடக்கலும் ஒத்துநின்றால் நோயாளி விரைவிற் தேறுவர். தூண்டல் மிகுந்தால் மயிர்க்குழாய்கள் கசிந்து உடல் வீங்கும், குருதியமுக்கம் வீழும், நுரையீரலும் சிறுநீரகமும் தளரும்.

ஓரெழுத்தின் வேறுபாடு

நிரப்பியும் தூதுவரும் எல்லார் உடலிலும் உள்ளன. பொறியும் எல்லார்க்கும் ஒன்றே. அங்ஙனமாயின் ஒருவரிடம் இன்ரர்லூக்கின்-6 பெரிதும் உயர, மற்றவரிடம் சிறிதளவே உயர்வது ஏன்? வயது, நீரிழிவு, புகைபிடித்தல், பொறியைச் சார்ந்திருந்த நேரம் என்பன ஒருபகுதிக் காரணங்களே. எஞ்சியதை விளக்க ஆராய்ச்சியாளர் பிறப்புரிமையியலை நாடினர்.

மனிதனின் பரம்பரைச் செய்தி நான்கெழுத்துக்களாலான ஒரு நெடுங்கணக்கு. ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துக்கள் அதில் உள. யாரேனும் இருவரை ஒப்புநோக்கின் ஆயிரம் எழுத்துக்கு ஓரெழுத்து அளவிலேயே அவர் வேறுபடுவர். அவ்வேறுபாடுகளுட் பெரும்பாலானவை எவ்விளைவும் அற்றவை. ஒருசிலவே பொருளுடையன.

இன்ரர்லூக்கின்-6 ஐ ஆக்கும் பரம்பரையலகு ஏழாம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அதன் தொடக்கத்துக்கு 174 எழுத்துக்கள் முன்னர், அதாவது அப்பரம்பரையலகை இயக்கும் பகுதியில், சிலரிடம் குவானீன் என்னும் எழுத்தும் வேறு சிலரிடம் சைற்றோசின் என்னும் எழுத்தும் காணப்படுகின்றன. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொருவரும் ஈரெழுத்துப் பெறுதலின், இரண்டும் குவானீனாயுள்ளோர், இரண்டும் சைற்றோசினாயுள்ளோர், ஒவ்வொன்று உடையோர் என மாந்தர் மூவகைப்படுவர். ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இவ்வெழுத்து மாறுவதால் புரதத்தின் அமைப்பு மாறுவதில்லை. ஒரே சொல்லை ஒருவர் உரத்தும் ஒருவர் மெல்லவும் சொல்வதுபோல, புரதம் ஆக்கப்படும் அளவு மட்டுமே மாறக்கூடும். 1998 இல் இலண்டன் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வொன்று, சைற்றோசின் வடிவம் குவானீன் வடிவத்தினும் குறைவாகவே அப்புரதத்தை ஆக்குவிக்கின்றது என்று கூறிற்று.

இக்கருத்தைச் சோதிப்பதற்கு இருதய சத்திரசிகிச்சை வாய்ப்பான களமாயிற்று. ஏனைய நோய்களில் அழற்சி தொடங்கிய வேளை யாதென எவரும் அறியார். இங்கோ தூண்டலின் வேளையும் கால அளவும் நிமிடக் கணக்கில் தெரியும். முன்னும் பின்னும் குருதி எடுத்து அளத்தலும் எளிது.

முரண்பட்ட முடிபுகள்

2001 இல் உரோமாபுரி ஆராய்ச்சியாளர், முடியுரு நாடிச் சத்திரசிகிச்சை பெற்றோரை ஆராய்ந்து, இரண்டும் குவானீனாயுள்ளோரிடத்தே இன்ரர்லூக்கின்-6 மிகுதியாக உயர்கின்றது என்றனர். 2003 இல் அதே நகரத்து அறிஞர், அத்தகையோர்க்குச் சத்திரசிகிச்சையின் பின்னர்ச் சோணையறை ஒழுங்கின்றி நடுங்கும் கோளாறும் மிகுதியாக வருகின்றது என்று அறிவித்தனர். அக்கோளாறு இருதய சத்திரசிகிச்சை பெறுவோருட் பலரைப் பீடிப்பதாகலின் இம்முடிபு பெரிதும் வரவேற்கப்பட்டது.

ஆனால் 2001 ஆம் ஆண்டிலேயே இலண்டனிலிருந்து வெளிவந்த மற்றோர் ஆய்வு இதற்கு நேர்மாறாகக் கூறிற்று. இரண்டும் சைற்றோசினாயுள்ளோரிடமே அளவு மிகுதியாக உயர்ந்ததென்பது அதன் முடிபு. அன்றியும், 572 ஆம் இடத்திலுள்ள மற்றோர் எழுத்து வேறுபாடும் அளவைக் கூட்டியதாக அது காட்டிற்று. 2005 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 1600 க்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, 174 ஆம் இடத்துச் சைற்றோசினும், சீ-எதிர்வினைப் புரதத்தின் பரம்பரையலகிலுள்ள அருகிய வடிவமொன்றும் ஒருங்கே அமைந்தோர்க்குச் சத்திரசிகிச்சையின்பின் பாரிசவாதம் வரும் வாய்ப்பு மிகுதி என்றனர்.

ஒரே எழுத்து, ஒரே சத்திரசிகிச்சை, முடிபுகளோ எதிரெதிர். இதனைக் கண்டு அறிவியலை இகழ்வார் உளர். அது பேதைமை. முரண்பாட்டின் காரணத்தை ஆராய்வதன்றோ அறிவியல்?

முதலாவது, ஓரெழுத்துத் தனித்து இயங்குவதில்லை. 174 ஆம் எழுத்தின் அயலிலே வேறு பல எழுத்து வேறுபாடுகள் உள்ளன. அவை ஒரே தொடராகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகின்றன. தொடர் முழுவதையும் நோக்காது ஓரெழுத்தை மட்டும் நோக்குவார், செய்யுளின் ஒரு சீரைக்கொண்டு பொருளுரைப்பாரை ஒப்பர். இரண்டாவது, ஆய்வுகளிற் பல சில நூறு நோயாளிகளையே கொண்டவை. சிறு தொகையில் தற்செயலாக நேரும் வேறுபாடும் உண்மை வேறுபாடுபோலத் தோன்றும். பெருந்தொகையிலும் விளைவு அருகியதாயின் இவ்விடர் நீங்காது. டியூக் ஆய்விற் பாரிசவாதம் கண்டோர் முப்பதின்மருக்கும் குறைவு. மூன்றாவது, குருதி எடுத்த வேளை, பொறி இயங்கிய நேரம், கொடுத்த மருந்து என்பன இடத்துக்கிடம் வேறுபட்டன. நான்காவது, பல பரம்பரையலகுகளையும் பல விளைவுகளையும் ஒருங்கே சோதிப்பார்க்கு எங்கேனும் ஒரு தொடர்பு அகப்படாமற் போகாது. அகப்பட்டதை மட்டும் வெளியிட்டால் வாசிப்போர் மயங்குவர்.

இவ்விடத்தில் மற்றுமொரு நிகழ்ச்சி படிப்பினை தருவது. முன்கூட்டியே ஒரு பரம்பரையலகை ஐயுறாது, எல்லா நிறமூர்த்தங்களையும் ஒருசேரத் துருவும் முறை பின்னர் எழுந்தது. அம்முறையால் 2007 இல் ஐசுலாந்து அறிஞர், சோணையறை நடுக்கத்தோடு தொடர்புடைய ஓரிடத்தை நான்காம் நிறமூர்த்தத்திற் கண்டனர். இருதய சத்திரசிகிச்சையின்பின் தோன்றும் நடுக்கத்துக்கும் அவ்விடம் தொடர்புடையதென 2009 இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. அவ்விடத்தின் அயலிலுள்ள பரம்பரையலகு அழற்சிக்குரியதன்று. கருவில் இருதயம் உருவாகும்போது இடம் வலம் வகுப்பதிற் பங்குகொள்வது. அழற்சியையே தேடிச் சென்றார்க்கு அகப்படாதது, எதனையும் முன்முடிவாகக் கொள்ளாது தேடினார்க்கு அகப்பட்டது.

மருந்து ஏன் பயன் தரவில்லை?

அழற்சி தீங்கு செய்வதாயின் அதனை அடக்கும் மருந்தை எல்லார்க்கும் கொடுத்தால் என்ன என்று மாணவர் கேட்கலாம். நல்ல வினா. வைத்தியர்களும் அவ்வாறே கேட்டனர். நெதர்லாந்திலே 4494 நோயாளிகளைக்கொண்டு செய்யப்பட்ட சோதனையில் ஒருசாரார்க்கு டெக்சாமெதசோன் கொடுக்கப்பட்டது. முடிபு 2012 இல் வெளியாயிற்று. பதினெட்டு நாடுகளில் 7507 நோயாளிகளைக்கொண்ட மற்றொரு சோதனையில் மெதைல்பிரெட்னிசொலோன் கொடுக்கப்பட்டது. அதன் முடிபு 2015 இல் வெளிவந்தது. மருந்து பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இடையே, இறப்பு முதலிய பெருந்தீங்குகளில் வேறுபாடு இருந்ததென இரண்டு சோதனைகளும் காட்டவில்லை. நிரப்பியைத் தடுக்கும் மருந்தொன்றை மூவாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் சோதித்து 2004 இல் வெளியிட்ட ஆய்வும் தன் முதன்மை நோக்கத்தை எய்தவில்லை.

இதற்கு இருவகை விளக்கம் கூறலாம். அழற்சி தீங்கின் காரணமன்று, அதன் அடையாளமே என்பது ஒன்று. மருந்து சிலர்க்கு நன்மையும் சிலர்க்குத் தீமையும் செய்ய, சராசரியில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன என்பது மற்றொன்று. பிந்திய விளக்கம் மெய்யாயின், அழற்சி மிகுவோர் இன்னார் எனச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே பிரித்தறிந்து அவர்க்கு மட்டும் மருந்தளித்தல் தக்கது. பரம்பரையலகு ஆராய்ச்சியின் உயிர்நிலை இதுவே. ஆயினும் இவ்விளக்கம் இன்னும் நிறுவப்பட்டிலது. இருதய சத்திரசிகிச்சைக்கு முன் அழற்சிப் பரம்பரையலகுகளைச் சோதித்து அதற்கேற்பச் சிகிச்சையை மாற்றுதல் இன்றுவரை வழமையான முறையாகவில்லை.

நம்மவர்க்கு இதனால் யாது?

மேற்கூறிய ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரிடத்தே நிகழ்ந்தவை. 174 ஆம் இடத்துச் சைற்றோசின் ஐரோப்பியரிடையே நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது என்னும் வீதத்தில் உள்ளது. கிழக்காசியரிடையே அது மிக அரிது. தென்னாசியரிடையேயும் ஐரோப்பியரினும் பெரிதும் குறைவு. எனவே இலண்டனில் ஓரெழுத்துக்குக் கண்ட பொருள் யாழ்ப்பாணத்தானுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளுதல் பிழை. 2015 இல் நிறைவுபெற்ற ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம் 26 இனக்குழுக்களைச் சேர்ந்த 2504 பேரின் பரம்பரைச் செய்தியை எழுதி வெளியிட்டது. பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழரும் அக்குழுக்களுள் ஒருவர். இது மகிழ்தற்குரியது. எனினும் எழுத்தை அறிதல் வேறு. அவ்வெழுத்துடையார் சத்திரசிகிச்சையின்பின் எவ்வாறு தேறுகின்றனர் என்று அறிதல் வேறு. பின்னதை நம்மவரிடையே நம்மவரே ஆராய்ந்தாலன்றிப் பிறர் ஆராய்ந்து தருவாரல்லர். இக்கல்லூரியில் உயிரியலும் கணிதமும் பயிலும் மாணவர் சிலரேனும் இதனை மனங்கொள்வாராக. உயிரியலோடு கணிதத்தையும் கூறியது வேண்டுமென்றே. மேற்காட்டிய முரண்பாடுகளை அவிழ்ப்பதற்குப் புள்ளிவிபரவியல் அறிவு நுணுக்குக்காட்டியினும் பெரிதும் வேண்டப்படுகின்றது.

மருத்துவன் நோயை மட்டுமன்றி நோயாளியின் இயல்பையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும் என்பது வள்ளுவர் மருந்து அதிகாரத்திற் காட்டும் நெறி. அக்கோட்பாட்டுக்கு இன்றைய அறிவியல் அளவுகோல் தேடுகின்றது, தேடி முடியவில்லை. இதனால் அக்காலத்தவர் பரம்பரையலகை அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதல் வேண்டா. அதுபோலவே ஓரெழுத்தைக் கண்டமாத்திரத்தே ஒருவர் தலைவிதியைப் படித்துவிட்டதாக மகிழ்தலும் வேண்டா. பரம்பரையலகு விதியன்று, அது ஒரு சாய்வு. வயதும் பழக்கமும் பொறியும் வைத்தியர் திறனும் தாதியர் கவனிப்பும் அச்சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன.

கட்டுரைத் தொடக்கத்திற் கண்ட இருவரையும் மீள நினைப்போம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்காய்க் கிடப்பவர் மனத்திடம் குறைந்தவரல்லர். அவரைக் கீறிய கையும் பிழைசெய்த கையாதல் வேண்டுமென்பதில்லை. அவரது குருதியிலே காவலர் சிலர் அளவுமீறி வாளுருவியிருக்கலாம். அவர் பக்கத்திலிருக்கும் உறவினர் இவ்வுண்மையை அறிந்திருப்பாராயின், பழிகூறும் நேரத்தைப் பணிவிடை செய்வதிற் கழிப்பர். அறிவினால் ஆகும் பயன்களுள் அதுவும் ஒன்று.